குன்று தெரிகிறதா

“அன்னைக்குக் காலையில குன்று உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுப்பா. அப்புறம் எழுதறேன்.”

ரொவீனா கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று மூன்று வாரமாக அம்மா சொல்லிவந்த கேள்வி அது. பியுலா அத்தையைப் புதைத்த அன்று ஒருமுறை, அதற்குப் பிறகு பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் பலமுறை, “அப்பாகிட்ட அதைக் கேக்காதே” என்று லெனோரா சொல்லியிருந்தாள். ஏன் என்று சொன்னதில்லை.

எல்மர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கம்பளிக் காலுறையை அடுப்புப் பக்கமாகத் திருப்பித் திருப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். மகள் பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு புருவத்தையும் லேசாகத் தூக்கி இறக்கினார். வடகோடிப் பனிக்கரையில் இருக்கும் நுவுக்பாக் என்ற அந்தச் சின்ன ஊரில் அதற்கு ‘ஆமாம்’ என்று பொருள். மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’. இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதையும் ஓட்டிவிடுகிற ஆண்கள் அந்த ஊரில் உண்டு.

“புருவம் வேண்டாம். வாயால சொல்லு. புருவத்தைக் காகிதத்தில எழுத முடியாது.”

லெனோரா பலகையில் கரிபு மானின் தொடையை வைத்துப் பிறைக்கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள். உறைந்த இறைச்சி என்பதால் கத்தி இறங்கும்போதெல்லாம் கரகரத்தது. அவள் திரும்பவில்லை.

“அடுப்பு மேல சூப் இருக்கு. குடிச்சிட்டு எழுது.”

“நான் உன்னைக் கேக்கலம்மா.”

“என்னைக் கேக்கலன்னுதான் சூப்பைப் பத்திச் சொன்னேன்.”

ரொவீனா பேனாவைத் தாளின் மேல் வைத்தாள். தாளில் தேதி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே எழுதவேண்டியதுதான் பிரச்சினை.

விமான விபத்தை விசாரிக்கும் அரசாங்க அதிகாரி மதிய விமானத்தில் வருகிறார். விபத்து நடந்த மூன்றாம் நாளே ஒருமுறை வந்து, குன்றின் சரிவில் கிடந்த சிதைவுகளைப் படமெடுத்துக்கொண்டு போனவர். இப்போது எல்மரின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்க வருகிறார். எழுத்து என்றால் ரொவீனா. அந்தக் குடும்பத்தில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே கல்லூரிக்குப் போய்ப் படிப்பை முடித்துத் திரும்பிவந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவள் பட்டம் இரவல் வாங்குகிற சாமான் மாதிரி. வேட்டை உரிமம், வீட்டு எண்ணெய் உதவி, ஆஸ்பத்திரிப் படிவம், எதுவானாலும் எடுத்துக்கொண்டு வருவார்கள். நிரப்பிவிட்டு, “இங்க” என்று விரலால் காட்டுவாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

நுவுக்பாக்குக்குச் சாலை கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி, எல்லாக் காலத்திலும் ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம். எல்மர் அந்த விமானக் கம்பெனிக்கு ஊர் ஆள். பதினெட்டு வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு நகரத்திலிருந்து போன் வரும். காற்று, மேகம் இரண்டையும் சொல்லிவிட்டு, ஏழு மைல் தள்ளி நிற்கும் குன்று தெரிகிறதா என்று அவர் சொல்லவேண்டும். தெரிந்தால் விமானம் கிளம்பும். ஓடுதளத்தின் ஓரத்தில் அரசாங்கம் நட்ட வானிலைக் கம்பம் ஒன்று இருக்கிறது. இலையுதிர் காலத்திலேயே அது பழுதாகிவிட்டது. அதனால் எல்மரின் வாய்தான் கம்பம்.

பிப்ரவரியில் ஹெர்மன் மாமா நகரத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். எல்மரின் அக்கா பியுலாவின் புருஷன். ஊரில் குழி தயாராக இருந்தது. உறைந்த மண்ணில் விறகை எரித்து, இளகிய கையளவு மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்து, மறுபடி எரித்து, முறை வைத்து மூன்று நாள் வெட்டிய குழி. பனி வந்து நிரப்பாமலிருக்கப் பலகை போட்டு மூடிவைத்திருந்தார்கள். பெண்கள் ஊருக்கே சமைத்து வைத்திருந்தார்கள். சவப்பெட்டிதான் வரவில்லை. நான்கு நாளாக வானம் தரையோடு ஒட்டிக்கிடந்தது. ஐந்தாம் நாள் காலை எல்மர் போனில் குன்று தெரிகிறது என்றார். விமானம் கிளம்பியது. பின்னால் ஹெர்மனின் பெட்டி, முன்னால் விமானி டிராய், பக்கத்தில் பியுலா.

வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் நிழல் என்று எதுவும் இல்லாத வெளிச்சம். அதற்குள் குன்று நின்றது. டிராய் நேராக அதன் சரிவில் போய் மோதிவிட்டான்.

ஊர் ஆண்கள் எட்டுப் பனிவண்டிகளில் போய்த் தேடிக் கண்டுபிடித்தார்கள். டிராய் உயிரோடு இருந்தான், முதுகெலும்பில் முறிவு. பியுலா இருக்கைப் பட்டையோடேயே செத்திருந்தாள். பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிராயையும் பியுலாவையும் பெட்டியையும் சறுக்குவண்டிகளில் கட்டி இழுத்து வந்தார்கள். இரண்டாவது குழி வெட்ட இன்னும் நான்கு நாள் ஆனது.

வெளிக்கதவு திறந்து மூடும் சத்தம், பிறகு உள்கதவு. எல்மரின் தம்பி வில்பர், தொப்பியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஊர்ச் சபைத் தலைவர். வந்ததும் நேராகத் தேநீர்ப் பானையிடம் போனார்.

“முடிஞ்சுதா?”

“தேதி போட்டிருக்கேன் சித்தப்பா,” என்றாள் ரொவீனா.

“நல்ல தேதி.” வில்பர் கோப்பையோடு உட்கார்ந்து, கெட்டி பிஸ்கட் ஒன்றைச் சீல் என்கிற கடல்நாயின் எண்ணெயில் தோய்த்தார். “சரி, நான் சொல்றேன், எழுதிக்கோ. ‘அன்று காலை ஒன்பது மணிக்கு வெளியே நின்று பார்த்தேன். குன்று தெளிவாகத் தெரிந்தது. பிறகு வானிலை திடீரென்று மாறியது.’ அவ்வளவுதான். மூணு வரி. நாலு வருஷம் படிச்சவளுக்கு மூணு வரி கஷ்டமா?”

“மூணு வரி பொய்க்குப் படிப்பு எதுக்கு? நீயே எழுது.”

“என் கையெழுத்தை நானே படிக்க முடியாது. இல்லன்னா எழுதியிருப்பேன்.” வில்பர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வருவதை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் மூன்று முறை தலைவர். “இதில எது பொய்ங்கிறே? வானிலை மாறலையா?”

“மாறல. காலையிலேர்ந்து அப்படியேதான் இருந்தது. ஊருக்கே தெரியும்.”

“ஊர்ல யாரும் சொல்லல.”

“யாரும் சொல்லமாட்டாங்க. டிராய் அவசரக்காரன், சின்னப் பையன், தாழப் பறந்தான்னு கடையில நின்னு பேசுவாங்க. போன வருஷம் அதே பையன்தான் நம்ம கூடைப்பந்துப் பசங்களைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனான். அப்ப அவன் நல்லவன்.”

“இப்பவும் நல்லவன்தான். நான் எப்ப கெட்டவன்னு சொன்னேன்?” வில்பர் பிஸ்கட்டை மென்று விழுங்கினார். “ரொவீனா, கேளு. அவனுக்கு இருபத்தேழு வயசு. பழி அவன் மேல விழுந்து உரிமம் போனா, குணமாகி வேற வேலை பார்ப்பான். ஊர் ஆள் தப்பாச் சொன்னான்னு ஆச்சுன்னா, கம்பம் ரிப்பேர் ஆகறவரைக்கும் இங்க வரமாட்டோம்னு கம்பெனி சொல்லிடும். கம்பம் எப்ப ரிப்பேர் ஆகும்? உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? சர்க்கரைக்கு ஊசி போடறவங்க இந்த ஊர்ல பதினோரு பேர். குழந்தைப் பால் பவுடர் பறந்துதான் வருது. இதையெல்லாம் உங்க காலேஜ்ல சொல்லித்தரலையா?”

“அவன் அம்மா நம்ம சாவுக்கு மீன் அனுப்பினா சித்தப்பா. மகன் ஆஸ்பத்திரியில கிடக்கறப்ப, ஆத்து மேல்பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு மூட்டை கருவாடு கட்டி அனுப்பினா. நாம உக்காந்து தின்னோம். நீ ரெண்டாவது தடவை வாங்கித் தின்னே.”

வில்பர் விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்தார். பிறகு, “நல்ல மீன்,” என்றார். எழுந்து கோப்பையைத் தொட்டியில் வைத்தார். “அண்ணா, உன் மகளுக்கு நீயே சொல்லு. விமானம் வர்றதுக்கு முன்னாடி வானொலியில கூப்பிடறேன்.” வாசலில் நின்று லெனோராவைப் பார்த்தார். “மதினி, சூப் வாசனை நல்லா இருக்கு.”

“வாசனையோட போறியா, குடிச்சிட்டுப் போறியா?”

“சபை ஆபீஸைச் சூடு பண்ணணும். வாசனையோட போறேன்.”

அவர் போன சிறிது நேரத்தில் போன் அடித்தது. ஒன்பது மணி.

எல்மர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த போனை எடுத்தார். நகரத்தில் விமானங்களை அனுப்புகிற பெண்ணின் குரல் சன்னமாகக் கேட்டது. எல்மர் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். அப்படி நிற்கும்போது அவருக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். நாளெல்லாம் இல்லாத மிடுக்கு.

“காத்து வடகிழக்கு. பத்து இருக்கும். மேகம் இல்ல.” வெளிக்காற்றைக் கன்னத்தில் வாங்கிவிட்டு அரைமணி முன்புதான் உள்ளே வந்திருந்தார். “குளிர் பூஜ்யத்துக்குக் கீழ முப்பது.” பிறகு நிறுத்தினார். விரலால் ஜன்னல் சட்டத்தை இரண்டு முறை தட்டினார்.

“தெரியுது,” என்றாள் லெனோரா, கத்தியைக் கீழே வைத்து, எட்டி ஜன்னலைப் பார்த்துவிட்டு.

“குன்று தெரியுது,” என்றார் எல்மர் போனில்.

ரொவீனா பேனாவைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். இதை அவள் நூறு காலைகளில் கேட்டிருக்கிறாள். சூப் கொதிக்கிற சத்தம், தண்ணீர்க் குழாய் முனகுகிற சத்தம், அம்மா ‘தெரியுது’ என்கிற சத்தம். வீட்டில் எழும் சத்தங்களில் ஒன்று. அம்மா முதலில் சொல்கிறாள், அப்பா அதற்குப் பிறகு சொல்கிறார் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

எல்மர் போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அப்பா, ஜன்னல்ல என்ன தெரியுது?”

“விடிஞ்சிருக்கு.”

“வேற?”

“வெள்ளையா இருக்கு.”

“எதிர் வீட்டுக் கூரையில யாரு நிக்கறா?”

எல்மர் ஜன்னலைப் பார்த்தார். கூரையில் யாரும் இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை. நாற்காலியைக் கையால் தேடி இழுத்து உட்கார்ந்தார்.

“உங்கம்மா தெரியறா. அது போதும்னு விட்டுட்டேன்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு குளிர்காலம். முதல்ல இடது கண்ணு. அப்புறம் இதுவும் கூடச் சேர்ந்துக்கிச்சு. பனி ஊதற மாதிரி இருக்கும், எப்பவும். பக்கத்தில இருக்கிறது தெரியும். வண்டி ஓட்டறேன் இல்ல? வழி தெரியும் எனக்கு, அதுக்குக் கண்ணு வேண்டாம்.”

“ஆபரேஷன் இருக்குப்பா. ஒரு நாள் வேலை.”

“அதுக்கு ஆங்கரேஜ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், போனா ஒரு மாசம் அங்க உக்காரணும். அதுக்குள்ள கம்பெனி வேற ஆளை வெச்சிடும். தினம் காலையில என் பேரைச் சொல்லி, எல்மர், எப்படி இருக்குன்னு ஒரு ஊரே கேக்குது. அதை விட்டுட்டு என்னத்தைச் செய்யறது?”

ரொவீனாவுக்கு மூன்று வாரமாக ஒரே ஆள் மேல் இருந்த கோபம் நிற்க இடமில்லாமல் அலைந்தது. அவள் அம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

“அப்ப அன்னைக்குத் தெரியுதுன்னு சொன்னது நீ.”

லெனோரா கத்தியைத் துடைத்தாள். அவசரமில்லாமல் துடைத்தாள்.

“பியுலா காலையில ஆறு மணிக்கே கூப்பிட்டா. அஞ்சு நாளா ஹெர்மனைச் சரக்குக் கொட்டகையில, நாய்த்தீவன மூட்டைங்களுக்கு நடுவுல வெச்சிருக்காங்க, லெனோரா, ஏதாவது சொல்லுன்னு அழுதா. எனக்கு எழுபது பேருக்கு ரொட்டி சுடணும். கை ரெண்டும் மாவு, சட்டியில எண்ணெய் காயுது. இவர் சட்டத்தைத் தட்டினார். காத்து வடகிழக்குக்குத் திரும்பிடுச்சுன்னு எனக்குச் சத்தத்திலேயே தெரிஞ்சுது. வடகிழக்கு வந்தா அரைமணியில வானம் தெளியும். அவங்க வந்து சேர நாப்பது நிமிஷம். எப்பவும் அப்படித்தானே சொல்றது? இப்ப இருக்கிற வானத்தையா சொல்றோம்? அவங்க வந்து சேரும்போது இருக்கப்போற வானத்தைச் சொல்றோம். இவர் சொன்னதும் அப்படித்தான், இவருக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான்.”

“பார்த்தியா?”

“திரும்பல.”

“திரும்பிப் பார்க்காமலே சொன்னே.”

“ரொட்டி தீயும்னு திரும்பல.” குரல் மாறவில்லை. “மத்த நாள்ல தெளியும். அன்னைக்குத் தெளியல.”

எல்மர், “போதும்,” என்றார்.

“இருங்க, இன்னும் இருக்கு. கேட்டுட்டா, முழுசாக் கேக்கட்டும்.” லெனோரா இப்போதுதான் மகளுக்கு நேராகத் திரும்பினாள். “நீ எங்க இருந்தே அன்னைக்கு?”

ரொவீனா குனிந்து தாளைப் பார்த்தாள்.

“இதே நாற்காலி. ஜன்னலுக்கு நேரா. கிளாரென்ஸுக்கு வேட்டைப் படிவம் எழுதிக்கிட்டிருந்தே. நான் தெரியுதுன்னப்ப, தலையை நிமிர்த்தினா குன்று இல்லன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ நிமிரல. என்னைக் கேக்கறியே, உன்னை யாரு கேக்கறது? அதுக்குத்தான் கேக்காதே கேக்காதேன்னு அடிச்சுக்கிட்டேன். உங்கப்பாவுக்காகன்னு நினைச்சியா?”

சூப் பொங்கி அடுப்பில் வழிந்து சீறியது. யாரும் எழவில்லை. கொஞ்சம் கழித்து எல்மர்தான் பழக்கத்தில் கையை நீட்டிச் சட்டியை நகர்த்தினார்.

ரொவீனாவுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. கிளாரென்ஸின் பிறந்த தேதியைத் தப்பாக எழுதி அடித்தது, மை வராத பேனாவை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கியது, ரொட்டியின் எண்ணெய் வாசனை. ஜன்னல் ஞாபகத்தில் இல்லை. எத்தனை யோசித்தும் ஜன்னலில் என்ன இருந்தது என்று வரவில்லை. பார்த்திருந்தால்தானே வரும்.

அவள் தாளை இழுத்து எழுதினாள். நிறுத்தாமல் எழுதினாள். எழுதி முடித்ததும், வழக்கம்போல் “இங்க” என்று விரல் வைக்கவில்லை.

“வாசிக்கறேன். ரெண்டு பேரும் கேளுங்க. ‘என் அப்பா எல்மருக்கு இரண்டு குளிர்காலமாகக் குன்று தெரிவதில்லை. தினமும் காலையில் என் அம்மா லெனோரா ஜன்னலில் பார்த்துச் சொல்வார். விபத்து நடந்த அன்று அவர் திரும்பிப் பார்க்காமல் தெரிகிறது என்று சொன்னார். அப்பா அதை அப்படியே போனில் சொன்னார். நான் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். நானும் பார்க்கவில்லை. விமானி டிராய் எங்கள் வார்த்தையை நம்பி வந்தார். இந்த ஊரில் நாங்கள் எல்லோரும், விமானம் வந்து சேரும்போது இருக்கப்போகிற வானத்தையே சொல்லிப் பழகியவர்கள்.’”

“அம்மாவை எடுத்துடு,” என்றார் எல்மர். “நான் பார்த்தேன், தப்பாப் பார்த்தேன்னு போடு.”

“அப்படிப் போட்டா கண்ணு விஷயம் வராது. கண்ணு விஷயம் வரலன்னா நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மறுபடி போன் வரும். மறுபடி சட்டத்தைத் தட்டுவே.”

எல்மர் காலுறையைக் கையில் சுருட்டினார், பிரித்தார்.

“அக்கா சாவுக்கு நான் காரணம்னு நான் எப்பவோ எடுத்துக்கிட்டேன்,” என்றார். “இவ தூங்கட்டும்னு நினைச்சேன்.”

“நான் எங்க தூங்கறேன்?” என்றாள் லெனோரா. பிறகு மகளிடம்: “இந்தக் காகிதம் போனா பியுலா பிள்ளைங்களுக்குத் தெரியும். கடையில மாவு வாங்கப் போனா அவங்க மூஞ்சியைப் பார்க்கணும். நீ எழுதிட்டு ஏதாவது ஒரு நகரத்துல போய் வேலை பார்ப்பே. இங்க நிக்கப்போறது நான்.”

“நான் எங்கயும் போகல. அந்தக் கடைக்குத்தான் நானும் வரணும். என் பேரும் இதில இருக்கு.”

“பால் பவுடர்?”

“கம்பம் பழுதுன்னும் எழுதறேன். எப்பலேர்ந்துன்னும் எழுதறேன். அது நம்ம தப்பு இல்ல, அவங்க தப்பு. அதைச் சொல்ல இது ஒண்ணுதான் வழி. நாம பொய் சொல்லிச் சொல்லித்தான் கம்பம் இல்லாமலே எல்லாம் நடக்குதுன்னு அவங்க நிம்மதியா இருக்காங்க.” கடைசியில் இரண்டு வரி சேர்த்தாள்.

எல்மர் கையை நீட்டினார். “எங்க?”

“படிச்சுக் காட்டினதுதான் இதில இருக்கு. அதுக்குத்தான் கையெழுத்து. புரியுதில்ல?”

“கண்ணுதான் போச்சு, காது போகல.”

அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள். எல்மர் மெதுவாகப் போட்டார். கீழே ரொவீனா தன் பெயரைப் போட்டாள். பேனாவை அம்மா பக்கம் நகர்த்தினாள். லெனோரா அதைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். பலகைக்குத் திரும்பி, மிச்சமிருந்த தொடையைச் சீவத் தொடங்கினாள்.

பதினொன்றரைக்கு அலமாரி மேலிருந்த வானொலிப் பெட்டி கரகரத்தது. ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற பெட்டி. ஒருவர் பேசினால் எல்லோரும் கேட்கலாம், கேட்பார்கள்.

“ரொவீனா, ரொவீனா. சித்தப்பா பேசறேன். விமானம் கிளம்பியாச்சு. காகிதம் ரெடியா?”

அவள் பித்தானை அழுத்தினாள். “ரெடி.”

“ஆபீஸுக்கு எடுத்துட்டு வா. ஒரு தடவை பார்த்துடறேன்.”

“ஆபீஸுக்கு வரல. நேரா ஓடுதளத்துக்குப் போறேன். அவர் கையிலேயே குடுக்கறேன்.”

பெட்டி சும்மா இரைந்தது. எத்தனை வீடுகளில் கரண்டிகள் நின்றனவோ.

“ரொவீனா, முதல்ல இங்க வந்துட்டுப் போ.”

அவள் பித்தானைத் தொடவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்து, தடித்த மேலாடையை மாட்டிக் கழுத்துவரை இழுத்தாள். எல்மர் காலுறையை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. லெனோராவின் கத்தி ஒரே சீராகக் கரகரத்துக்கொண்டிருந்தது. யாரும் நில் என்று சொல்லவில்லை. போய்விட்டு வா என்றும் சொல்லவில்லை.

உள்கதவை மூடிக்கொண்டு, இறைச்சி தொங்கும் குளிர்ந்த நடைக்கு வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் வில்பர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். “ரொவீனா. ரொவீனா. எல்மர் அண்ணா. யாராவது இருக்கீங்களா?”

கத்தி நின்றது. காலடி, பிறகு பித்தான் அமுங்கும் சத்தம்.

“அவ கிளம்பிட்டா, வில்பர்,” என்றாள் லெனோரா, ஊருக்கே கேட்க.

ரொவீனா வெளிக்கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போனாள்.